டக்ட் கம்பெனியின் பிட்சர்

கல்லூரியில் சேர்ந்த மூன்றாவது வாரம் பாண்டித்துரை கிரிக்கெட் அணித் தேர்வுக்குப் போனான். பதினோரு பந்து போட்டான். எட்டு நோ-பால். கால் கோட்டைத் தாண்டவில்லை, கைதான் குற்றம். முழங்கை மடங்கி நிமிர்ந்தது. "இவன் பவுலிங் போடலடா, எறியுறான். மாங்கா அடிக்க வந்தவன்" என்றான் அணித் தலைவன். கூடியிருந்த நாற்பது பேரும் சிரித்தார்கள். அந்தத் தலைவன் பின்னாளில் மாவட்ட அணிக்குக்கூட ஆடவில்லை. ஆனாலும் இந்திய அணித் தேர்வில் நடக்கும் தப்புகளை இன்றைக்கும் ஊரில் யார் கிடைத்தாலும் நிறுத்தி வைத்து விளக்குகிறான்.

உடற்கல்வி இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை. இரக்கப்பட்டார் என்று நினைக்க வேண்டாம். பல்கலைக்கழகச் சுழற்கேடயத்துக்கு எத்தனை விளையாட்டில் அணி அனுப்பினாலும் அத்தனைக்கும் புள்ளி உண்டு, தோற்றாலும் உண்டு. பேஸ்பாலுக்கு ஆள் கிடைக்காமல் அவர் திண்டாடிக்கொண்டிருந்தார்.

"எறியத்தானே செய்யுற? எறியறதுக்குன்னே ஒரு கேம் இருக்கு. சாயங்காலம் வந்து சேரு."

போனான். அருப்புக்கோட்டைக்கு வெளியே, கருவேல மரங்களுக்கு நடுவில் இருந்த அந்த மைதானத்தில் கிரிக்கெட் கழித்துப்போட்ட பன்னிரண்டு பேர் நின்றார்கள். மட்டை ஒன்று, பந்து மூன்று, கையுறை ஏழு. அதில் இரண்டு இடக்கைக்காரர்களுக்கானவை. அணியில் இடக்கைக்காரர் யாரும் இல்லை.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு: பிட்சர் என்பவன் ஒரு சின்ன மேட்டின் மேல் நின்று, கிரிக்கெட் பிட்ச்சைவிட ஐந்தடி குறைந்த தூரத்துக்கு, பந்தைத் தரையில் குத்தாமல் எறிகிறவன். மட்டைக்காரன் மூன்று முறை கோட்டைவிட்டால் அவுட். பிட்சர் நான்கு முறை எல்லைக்கு வெளியே எறிந்தால், மட்டைக்காரன் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். இந்தக் கதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் ஒருவர் பேஸ்பால் அணி நடத்தினார். அவரிடம் பிறகு வருவோம்.

முதல் ஆண்டில் மண்டலப் போட்டியில் தோற்றார்கள். கல்லூரிக்குப் புள்ளி வந்தது, இயக்குநர் மகிழ்ந்தார். இரண்டாம் ஆண்டில் தோற்கவில்லை. அதுதான் வினையாயிற்று. அரையிறுதியும் இறுதியும் ஒரே நாளில் வந்தன. இரண்டிலும் பாண்டித்துரையே எறிந்தான். மாலையில் முழங்கையின் உள்பக்கம் சுருக்கென்று ஒரு வலி. மறுநாள் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. இயக்குநர் ஒரு வலிநிவாரணி ஸ்பிரே டப்பாவை எடுத்து அது காலியாகும்வரை அடித்தார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது. நான்கு மாதம் அந்தக் கையால் பாண்டித்துரை ஒரு வாளி தண்ணீர் தூக்கவில்லை. அந்த வலி எங்கே தொடங்கும், எப்படித் தொடங்கும் என்பதை மட்டும் மறக்காமல் வைத்துக்கொண்டான். கல்லூரி அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததில் உருப்படியானது அது ஒன்றுதான்.

மூன்றாம் ஆண்டில், வடக்கே நடந்த அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் ஒரே ஆட்டத்தில் பதினான்கு பேரைப் பந்தைத் தொடவிடாமல் வெளியேற்றினான். எதிரணிப் பயிற்சியாளர் வேகம் அளக்கும் கருவி வைத்திருந்தார். அது மணிக்கு 134 கிலோமீட்டர் காட்டியது. அந்த ஆள் நேராக வந்து இந்தியில் கேட்ட முதல் கேள்வி, "உன் கையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" பாண்டித்துரைக்கு இந்தி தெரியாது. சிரித்துவைத்தான்.

வெண்கலப் பதக்கம். ஊர் திரும்பியதும் கல்லூரி வாசலில் பதாகை கட்டினார்கள். அதில் தாளாளர் ஆறடி, முதல்வர் மூன்றடி, இயக்குநர் ஒன்றரை அடி. பாண்டித்துரை அடி மூலையில், அடையாள அட்டைப் படத்தோடு, அச்சகத்தின் போன் நம்பருக்கு மேலே இருந்தான்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்று மூன்று வருடம் சொல்லியிருந்தார்கள். சான்றிதழில் சங்கம் கையெழுத்துப் போட வேண்டும். சங்கமோ இரண்டாக உடைந்து கிடந்தது. ஒரு பிரிவு போட்ட கையெழுத்தை இன்னொரு பிரிவு செல்லாது என்றது. இரண்டு பிரிவின் செயலாளர்களையும் அவன் போய்ப் பார்த்தான். ஒருவர் மூன்று மணி நேரம் காக்க வைத்துவிட்டு, "பேஸ்பால்ல என்னப்பா வேலை? கபடி ஆடியிருக்கலாம்ல" என்றார். பேஸ்பால் சங்கச் செயலாளர் அவர்.

இரண்டு வருடம் விருதுநகரில் ஒரு ஹார்டுவேர் மொத்தக் கடையில் ஆணிப் பெட்டி அடுக்கினான். அப்போதுதான் ரகுநாதன் போன் செய்தார்.

ரகுநாதன் துபாயில், அல் கூஸில், ஏசி காற்றுக்குழாய் செய்யும் ஒரு கம்பெனியின் பொது மேலாளர். டக்ட் கம்பெனி என்றால் அங்கே எல்லோருக்கும் புரியும்: தகரத்தை வெட்டு, மடி, ஒட்டு, சைட்டுக்கு அனுப்பு. சென்னைக்காரர், ஐம்பத்திரண்டு வயது. இளமையில் பதினோரு மாதம் டெக்சஸில் ஒரு புராஜெக்டில் இருந்தவர். அந்தப் பதினோரு மாதத்தில் ஒரு முறை பேஸ்பால் பார்க்கப் போனார்; பாதி ஆட்டத்தில் சாப்பிட எழுந்து போனவர் திரும்பி வந்தபோது ஆட்டம் முடிந்திருந்தது. அதிலிருந்து "நான் பேஸ்பாலோட வளர்ந்தவன்" என்று பேசத் தொடங்கினார்.

வளைகுடாவில் கம்பெனிகள் கிரிக்கெட்டுக்கு ஆள் எடுப்பது பழைய வழக்கம். விசாவில் ஆபீஸ் பாய் என்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவர்தான் தொடக்க ஆட்டக்காரர். கிரிக்கெட்டில் பெரிய கம்பெனிகளோடு போட்டிபோட ரகுநாதனால் முடியவில்லை. எட்டு அணிகள் மட்டும் உள்ள ஒரு பேஸ்பால் லீகைக் கண்டுபிடித்தார். பிலிப்பைன்ஸ்காரர்கள், ஜப்பானிய டிரேடிங் கம்பெனி ஊழியர்கள், இரண்டு பாகிஸ்தானி அணிகள், இன்னும் சிலர். அங்கே கோப்பை மலிவு. யூடியூபில் பாண்டித்துரையின் அந்தப் பதினான்கு விக்கெட் வீடியோ கிடைத்தது. அவர் அதை விக்கெட் என்றுதான் சொன்னார்.

"ஸ்டோர் ஹெல்பர் விசா தரேன். வேலை பெருசா ஒண்ணும் இருக்காது. நீ பந்து போட்டா போதும்" என்றார்.

வேலை பெரிதாகத்தான் இருந்தது. காலை ஆறு மணிக்கு கேம்ப் பஸ், இரவு ஏழுக்குத் திரும்பல், நடுவில் தகரச் சுருள்களும் ரப்பர் இன்சுலேஷன் ரோல்களும். ஞாயிறு ஆட்டம். அறைக்கு ஆறு பேர். நான்கு வருடத்தில் மூன்று கோப்பைகள் ரகுநாதனின் கேபினுக்குப் போயின. ஒவ்வொரு பரிசளிப்பிலும் அவர் "நாங்க" என்று தொடங்கி "நான்" என்று முடித்தார்.

பாண்டித்துரையின் பந்தை வாங்கும் கேட்சர் கௌஸ் முகம்மது. வாணியம்பாடிக்காரர், பிக்கப் டிரைவர், நாற்பத்தொரு வயது. முதல் நாள் ஏழு பேரைக் குத்தவைத்துப் பார்த்தார்கள். ஆறு பேர் பந்து வரும்போது கண்ணை மூடினார்கள். கௌஸ் மூடவில்லை. டூட்டி முடிந்ததும் ஷெட்டுக்குப் பின்னால் பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்து வாங்குவார்.

"துரை, நீ எறியிறப்ப ஒண்ணுதான் யோசிப்பேன். பல்லு போனா கம்பெனி இன்சூரன்ஸ்ல கட்டுவாங்களா, மாட்டாங்களா?"

"பல்லுக்கு மாஃபி பாய், கிடையாது. தலைக்கு மேல போனா மட்டும்தான் கட்டுவாங்க."

"அப்ப கொஞ்சம் மேலயே எறிடா."

சென்ற செப்டம்பரில் கௌஸ்தான் போனில் அந்த விளம்பரத்தைக் காட்டினார். துபாயில் ஐந்து வாரம் நடக்கும் தொழில்முறைத் தொடர் ஒன்றுக்கு உள்ளூரில் இருக்கும் ஆட்களுக்குத் தேர்வு. வீடியோ அனுப்பினால் கூப்பிடுவார்கள். கௌஸே எடுத்த வீடியோவை அனுப்பினார்கள். எட்டு நாளில் பதில் வந்தது: அக்டோபர் கடைசிப் புதன்கிழமை, காலை எட்டு மணி. இருபது பந்து எறிந்து காட்ட வேண்டும். பாண்டித்துரைக்கு இருபத்தெட்டு வயது. பிட்சருக்கு இது தொடங்கும் வயதல்ல. அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

புதன்கிழமைக்கு ஒரு நாள் லீவு வேண்டும். அதைவிட முக்கியமாக, புதன்கிழமை கை வேண்டும்.

ஹெச்.ஆர். பார்க்கும் ராதிகாவிடம் லீவு ஃபார்ம் வாங்கிப் பூர்த்தி செய்து ரகுநாதனின் கேபினுக்குப் போனான். ராதிகாவும் கூடவே போனார். கையெழுத்தில்லாத ஃபார்மை வைத்துக்கொண்டு அவர் ஒன்றும் செய்ய முடியாது.

"புதன்கிழமையா? ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் இருக்கே" என்றார் ரகுநாதன்.

"அதான் சார் கேக்க வந்தேன். ஞாயித்துக்கிழமை ஒரு மேட்ச் மட்டும் போடுறேன். மூணும் போட்டா கை புதன்கிழமைக்கு எந்திரிக்காது."

ஒரே நாளில் காலிறுதி, அரையிறுதி, இறுதி. அஜ்மானில் செயற்கைப் புல் போட்ட ஒரு ஃபுட்பால் மைதானத்தை நாள் கணக்கில் எடுத்து, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை எட்டு அணிகளையும் அரைத்து முடிப்பது இந்த லீகின் வழக்கம். அதற்குச் செயலாளரும் ரகுநாதன்தான்.

"ஒரு மேட்ச்ல எத்தனை பால் போடுவே?"

"அம்பது, அறுபது சார்."

ரகுநாதன் கால்குலேட்டரை எடுத்தார். உண்மையாகவே எடுத்தார். "அறுபதை ஆறால வகுத்தா பத்து ஓவர். மூணு மேட்ச்சுக்கு முப்பது ஓவர். டெஸ்ட் மேட்ச்ல ஃபாஸ்ட் பவுலருங்க ஒரு நாளைக்கு இருபத்தஞ்சு போடறாங்கப்பா, அதுவும் ஓடி வந்து. நீ நின்ன இடத்துலயே நிக்கிற."

"சார், இது எறியிறது சார். கிரிக்கெட் மாதிரி கை சுத்தாது. முழங்கை மேல விழும்."

"டெக்சஸ்ல நான் பார்க்காத பிட்சரா?" என்றார், பாதி ஆட்டம் பார்த்தவர். ஃபார்மை மேஜை இழுப்பறையில் போட்டார். "கப் ஃபர்ஸ்ட், லீவு நெக்ஸ்ட். திங்கக்கிழமை கப்பு இந்த டேபிள்ல இருந்தா அன்னிக்கே சைன் பண்றேன். யல்லா, போய் வேலையைப் பாரு."

வெளியே வந்ததும் ராதிகா கேட்டார்: "ரெண்டாவது பிட்சர் யாருமே இல்லையா நம்ம டீம்ல?"

"இருக்காங்க மேடம். லிஸ்ட்ல பேரு இருக்கு" என்றான் பாண்டித்துரை.

அந்த லிஸ்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிலிப்பைன்ஸ் அணியில் ஐந்து பிட்சர்கள் இருந்தார்கள். மாற்றி மாற்றி எறிவார்கள். அவர்களை முடக்குவதற்காக ரகுநாதன் செயலாளர் என்ற முறையில் ஒரு விதி போட்டார். அணிக்கு இரண்டே பிட்சர்கள். காலையில் எழுதிக் கொடுத்த இருவரைத் தவிர வேறு யாரும் எறியக் கூடாது. எறிந்தால் ஆட்டம் எதிரணிக்கு. தன் அணிக்கு அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு விசாவில் ஒரே ஒரு பிட்சர். இரண்டாவது இடம் காலியாக இருப்பதைப் பார்த்துத் தன் பெயரையே எழுதிக்கொண்டார். துண்டுப் பிரசுரத்தில் கையில் பந்தோடு, ஒன்றாம் நம்பர் ஜெர்சியில், அவர் படம் வரும். அதற்காகத்தான். அதை யாரும் ஆட்ட விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை, அவர் உட்பட.

ஞாயிறு காலை ஆறரைக்கு அஜ்மான் மைதானத்தில் கூடாரங்கள் எழும்பின. பிரியாணிப் பொட்டலம், குழந்தைகளுக்கு பலூன், பெண்களுக்கு தம்போலா. பிட்சர் நிற்கும் மேட்டை டக்ட் கம்பெனி வொர்க்‌ஷாப்பிலேயே செய்து கொண்டுவந்திருந்தார்கள்: பிளைவுட், மேலே இன்சுலேஷன் ரப்பர், அதற்கு மேல் பச்சைக் கம்பளம். ஒரு பக்கம் அரை அங்குலம் தாழ்ந்திருந்தது. அதன் முன்பக்கத்தில் கம்பெனி லோகோ மட்டும் துல்லியமாக ஒட்டப்பட்டிருந்தது.

காலிறுதியில் பாண்டித்துரை ஐம்பத்தெட்டு பந்து எறிந்தான். வென்றார்கள். பதினொன்றரைக்கு அரையிறுதி, வெயில் முப்பத்தாறு டிகிரி. நாற்பத்தேழு. வென்றார்கள். கூடாரத்திலிருந்து ரகுநாதன் மைக்கில் சொன்னார்: "எங்க ராக்கெட் இன்னும் சூடே ஆகலை!" குடும்பங்கள் கைதட்டின. அந்தக் கூட்டத்தில் பாண்டித்துரையின் முழு இனிஷியல் தெரிந்தவர் ராதிகா ஒருவர்தான், அதுவும் ஃபைலில் பார்த்ததால்.

இறுதி ஆட்டத்துக்கு முன் கௌஸ் அவன் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"எப்படிடா இருக்கு?"

"இன்னும் வரல பாய். வந்தா சொல்றேன்."

"வந்தப்புறம் என்னத்தடா சொல்லுவே? வர்றதுக்கு முன்ன சொல்லு."

மூன்று மணிக்கு இறுதி. எதிரே பிலிப்பைன்ஸ் அணி. மூன்றாவது இன்னிங்ஸில் டக்ட் கம்பெனி 4–2 என்று முன்னணியில் இருந்தது. அன்றைய நூற்று இருபத்து நான்காவது பந்தை எறிந்து கை கீழே வந்தபோது முழங்கையின் உள்பக்கம் சுருக்கென்றது. எட்டு வருடத்துக்கு முன் வந்த அதே இடம்.

பாண்டித்துரை அப்படியே நின்றான். மட்டைக்காரன் காத்திருந்தான். கௌஸ் முகமூடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். அடுத்த பந்தையும் எறிந்திருப்பான். நான்கு வருடம் சொன்னதையெல்லாம் எறிந்தவன். ஆனால் அடுத்த பந்து எப்படி இருக்கும், அதற்கடுத்தது எப்படி, மறுநாள் சட்டைப் பொத்தான் எப்படி என்று அவனுக்குத் தெரியும். மேட்டிலிருந்து இறங்கினான். அம்பயரிடம் போய்ப் பந்தைக் கொடுத்தான்.

"ஃபினிஷ் சார். ஹேண்ட் பெயின்."

அம்பயர் மணிலாக்காரர், விதியை விதியாகப் பார்க்கிறவர். பையிலிருந்து லிஸ்டை எடுத்தார், விரலால் ஓட்டினார். பிறகு கூடாரத்தை நோக்கிச் சத்தமாகச் சொன்னார்: "நம்பர் ஒன். மிஸ்டர் ரகுநாதன். பிட்சர், ப்ளீஸ்."

ரகுநாதன் அப்போது தம்போலா எண் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மைக்கோடு எழுந்து வந்தார்.

"என்னப்பா இது? ஏறுப்பா, போடு. ரெண்டு ஓவர்தானே பாக்கி?"

"முடியாது சார்."

"முடியாதுன்னா? புதன்கிழமை லீவு வேணுமா வேணாமா?"

"வேணும் சார். அதுக்குத்தான் இறங்கிட்டேன்."

மைக் ஆனில் இருந்தது. மைதானம் முழுக்கக் கேட்டது.

"வேற யாரையாவது போடச் சொல்றேன். நம்ம டீம்ல இருக்கிற இந்த பாகிஸ்தானி பையன் நல்லா எறிவான்" என்று அம்பயரிடம் திரும்பினார். அம்பயர் விதித்தாளைத் திருப்பி, கீழே இருந்த கையெழுத்தைக் காட்டினார். ரகுநாதனின் கையெழுத்து. மனைவி நளினி கூடாரத்திலிருந்து, "போங்க, வீடியோ எடுக்கிறோம்" என்று உற்சாகமாகக் கத்தினார். பாவம், அவர் கணவர் பேஸ்பாலோடு வளர்ந்தவர் என்று இருபத்து மூன்று வருடமாக நம்புகிறவர்.

ரகுநாதன் மேட்டில் ஏறினார்.

முதல் பந்து பாதி தூரத்தில் தரையில் விழுந்து உருண்டது. இரண்டாவது கௌஸின் தலைக்கு மேல் போய் வேலியில் மோதியது. ஐந்தாவது அம்பயரின் முழங்காலில் பட்டது. பிலிப்பைன்ஸ்காரர்கள் பண்பானவர்கள், யாரும் சிரிக்கவில்லை. மட்டையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு, நான்கு தப்புப் பந்துக்கு ஒருவராக முதல் தளத்துக்கு நடந்தார்கள். மூன்று தளங்களிலும் ஆள் நிரம்பியது. அதன்பின் நடக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டம்.

"என்னய்யா, எல்லாத்துக்கும் வைடு கொடுக்கிற?" என்று ரகுநாதன் அம்பயரைப் பார்த்துக் கத்தினார்.

கௌஸ் எழுந்து அவரிடம் நடந்து போனார். "சார், வைடு இல்ல சார். பால்னு பேரு. நாலு பால் போட்டா நடந்துருவாங்க."

"எப்பலேருந்து?"

"எப்பவுமே அப்படித்தான் சார்."

அவர் ஐம்பத்தாறு பந்து எறிந்தார். அவர் கணக்கில் சொன்னால் ஒன்பது ஓவர் இரண்டு பந்து. பன்னிரண்டு ஓட்டங்கள் போயின. ஒன்பது மட்டை அசையாமலே வந்தவை. வித்தியாசம் பத்தைத் தொட்டதும் கருணை விதிப்படி அம்பயர் ஆட்டத்தை முடித்தார். 14–4. அந்த விதியையும் ரகுநாதன்தான் எழுதியிருந்தார், வேறு யாருக்கோ.

"கலாஸ், எல்லாம் முடிஞ்சுது! புதன்கிழமை நீ கேட்ல டூட்டி. எங்க போறேன்னு பார்க்கிறேன்" என்றார் பாண்டித்துரையிடம். சொல்லும்போது விரலை நீட்ட முயன்றார். கை தோளுக்கு மேல் எழவில்லை.

அன்று மாலைக்குள் வீடியோ லீகின் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. பண்பான பிலிப்பைன்ஸ்காரர்கள் போடவில்லை. நளினி போட்டார், பெருமையோடு. மற்றக் கம்பெனி மேலாளர்கள் சிரிக்கும் பொம்மைகளை அனுப்பினார்கள். பாகிஸ்தானி அணித் தலைவர், "ரகுநாதன் பாய், அடுத்த சீசன் எங்க டீமுக்கு எதிரா நீங்களே போடுங்க" என்று குரல் பதிவு அனுப்பினார்.

சாதாரண ஆள் என்றால் போனை அணைத்துவிட்டுப் படுத்திருப்பார். ரகுநாதன் மேலாளர். திங்கள் காலையில் லிங்க்ட்இனில் எழுதினார். சாரம் இதுதான்: "என் அணியின் நட்சத்திர வீரர் புதன்கிழமை தொழில்முறைத் தேர்வுக்குப் போகிறார். இறுதி ஆட்டத்தின் நடுவில் அவர் கையைக் காப்பாற்ற, நானே பந்தை வாங்கிக்கொண்டேன். தோற்றோம். ஆனால் ஒரு மனிதனின் கனவை வென்றோம். தலைமை என்பது இதுதான்." கீழே மேட்டில் நிற்கும் படம், பந்து கையை விட்டுப் போவதற்கு முந்தைய நொடி. அந்த நொடியில் அவரும் பிட்சர் போலத்தான் இருந்தார்.

மதியத்துக்குள் நானூறு பேர் விரும்பியிருந்தார்கள். மூன்று பேர் கண்ணீர் விட்டதாக எழுதினார்கள். கம்பெனியின் அரபி முதலாளி, அல் கூஸ் பக்கம் வருடத்துக்கு இரண்டு முறைகூட வராதவர், கீழே எழுதினார்: "மாஷா அல்லாஹ் ரகு. அந்தப் பையனிடம் என் வாழ்த்தைச் சொல். முடிவு என்ன என்று எனக்குத் தெரிய வேண்டும்."

ராதிகா அந்தப் பக்கத்தை அச்செடுத்தார். புதிதாக ஒரு லீவு ஃபார்மையும் எடுத்து, இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோய் மேஜையில் வைத்தார்.

"என்னம்மா இது?"

"புதன்கிழமை லீவு சார். பாஸ் ரிசல்ட் கேட்டிருக்காரே. அன்னிக்கு பாண்டித்துரை கேட் டூட்டியில இருந்தா நான் என்ன ரிப்போர்ட் அனுப்புறதுன்னு தெரியல."

ரகுநாதன் அச்சுத்தாளைப் பார்த்தார். தன் சொற்களை இரண்டாம் முறை படித்தபோது அவருக்கே நெஞ்சு நெகிழ்ந்தது போலிருந்தது. "நான் வேணாம்னா சொன்னேன்? அவன்தான் சரியா கேக்கலை" என்றார். வலது கை வலித்ததால் இடது கையால் தாங்கிப் பிடித்துக் கையெழுத்திட்டார்.

புதன்கிழமை காலை கௌஸ் டெலிவரிக்குப் போகிற வழியில் அவனை மைதான வாசலில் இறக்கிவிட்டார்.

"கை?"

"விறைப்பா இருக்கு பாய். வலி இல்ல."

"போ. பல்லு இருக்கிறவனைப் பார்த்து எறி."

முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் படித்தவர்கள், விமானக் கம்பெனி ஊழியர்கள், லாகூரிலிருந்து சொந்தச் செலவில் வந்த இரண்டு பேர். மேடு உண்மையான மண்ணில் கட்டிய மேடு. பாண்டித்துரை அதில் ஏறிக் காலால் தட்டிப் பார்த்தான், அசையவில்லை. அசையாத மேட்டில் நின்று ஆறு வருடம் ஆகியிருந்தது.

இருபது பந்து. முதல் ஆறு மெதுவாக, 121, 124. ஏழாவதிலிருந்து கை திறந்தது. பதினான்காவது 136. அவன் வாழ்நாளில் எறிந்த மிக வேகமான பந்து அதுதான். எறிந்தவன் அதை அளவு காட்டும் பலகையில் பார்க்கவில்லை, பார்க்கத் தோன்றவில்லை. பின்னால் நின்ற லாகூர்க்காரர், "வாஹ் பாய்" என்றதைக் கேட்டுத்தான் திரும்பினான்.

நரைத்த பயிற்சியாளர் ஒருவர் வந்து வயதைக் கேட்டார். சொன்னான். அவர் முகம் மாறியதை அவன் கவனித்தான். ஆட்டத்துக்கு எடுக்க 136 போதாது என்று அவர் பொறுமையாக, நேராகச் சொன்னார். அங்கே 145 வேண்டும். ஆனால் குறி தப்பாமல் எறிகிறான், இருபதில் பதினேழு சொன்ன இடத்தில் விழுந்தது. ஆட்ட நாட்களில் மட்டைக்காரர்களுக்குப் பயிற்சிக்கு எறிய ஆள் வேண்டும், ஐந்து வாரம், சம்மதமா என்றார்.

அதாவது, அவன் எறிவதை மற்றவர்கள் அடித்துப் பழகுவார்கள். சீருடை உண்டு, முதுகில் பெயர் கிடையாது. முகஸ்துதியோ கேலியோ கலக்காமல் ஒரு பெரிய மனிதர் அவனிடம் பேசியது அதுதான் முதல் தடவை. சரி என்றான்.

வாட்ஸ்அப் நிபுணர்கள் இதையும் விடவில்லை. "நெட் பவுலரா? இதுக்கா இவ்வளவு?" என்று கேட்டவர்களில் பாதிப்பேர் பத்தடி தூரத்திலிருந்து குப்பைத்தொட்டிக்குள் தாளை எறிய முடியாதவர்கள்.

கம்பெனியின் நோ-அப்ஜெக்‌ஷன் கடிதம் தேவைப்பட்டது. முதலாளி கேட்டுக்கொண்டிருந்ததால் ரகுநாதன் அதையும் கொடுத்தார், சம்பளமில்லா விடுப்பு. கடிதம் வாங்கப் பாண்டித்துரை கேபினுக்குப் போனபோது உள்ளே இரண்டு வெண்டர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ரகுநாதன் எழுந்து அவன் தோளில் கை போட்டார்.

"இவன்தான் நான் சொன்னவன். என் கண்டுபிடிப்பு." வெண்டர்கள் தலையாட்டினார்கள், பில் பாஸ் ஆக வேண்டியிருந்தது. "சரி, பாண்டி. அங்க உனக்கு வாரத்துல மூணு நாள்தானே? ஞாயித்துக்கிழமை ஃப்ரீ. நம்ம லீக்ல புது சீசன் அடுத்த வாரம் தொடங்குது. வந்து ஒரு பத்து ஓவர் போட்டுட்டுப் போயிடு."

"முடியாது சார்."

"திரும்பவுமா? இப்ப என்ன, கை வலியா?"

"வலி இல்ல சார். காண்ட்ராக்ட்ல போட்டிருக்கு. அஞ்சு வாரத்துக்கு வேற எங்கயும் ஒரு பந்துகூட எறியக் கூடாதாம். நான் எறிஞ்சா அவங்களுக்குத் தெரிஞ்சிரும், கையைத் தினம் செக் பண்றாங்க."

ரகுநாதன் ஒப்பந்தத்தை வாங்கினார். அந்தப் பத்தியை விரல் வைத்து இரண்டு முறை படித்தார். பிறகு கதவைத் திறந்து ராதிகாவைக் கூப்பிட்டு, இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா பார் என்றார்.

பாண்டித்துரை கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பதினொரு மணிக்கு மைதானத்தில் அவன் கையைப் பார்க்கிறவர் வருவார்.